அலுமாரிக்கு அங்கால

உம்மாவின் நெஞ்சுத் துடிப்பு என் கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடாக வரும். அவர் சாய்ந்தமருதில். நான் டோஹாவில். கோடு ஓடிக்கொண்டிருந்தால் நான் வேலை பார்ப்பேன், சாப்பிடுவேன். சில வேளைகளில் அது அறுந்துவிடும். கோடு இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம் நிற்கும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நின்றது சிக்னலா, உம்மாவின் நெஞ்சா?

இது தொடங்கியபோது வாப்பா மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மீராமுகைதீன் என்று பெயர். கல்முனை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பகல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. பக்கத்தில் உம்மா இருந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து காற்றாடியைக் கூட்டி வைத்தாராம். ஜனாஸாவை எங்கள் ஊரில் வைத்திருப்பதில்லை. அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். என் கடவுச்சீட்டு விசா புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடந்தது. அது கையில் இருந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். என் தங்கை நஜ்லாவின் கணவன் அஹ்ஸன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். மையவாடியில் ஆட்களின் முதுகைத்தான் பார்த்தேன். பிறகு மண்ணை.

அன்றிலிருந்து உம்மாவுக்கு இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். பிற ஆண்களின் கண்ணில் படக் கூடாது.

உம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய அடைப்பு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பல்கீஸ் மிஸி என்று கேட்டால் சாய்ந்தமருதில் எந்த ஒழுங்கையிலும் வழி காட்டுவார்கள். ஓய்வு பெறும்வரை பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக வேலை செய்தவர். வெள்ளை உடுப்பு, வெள்ளை முக்காடு, சிவப்பு ஸ்கூட்டி. எந்த வீட்டிலும் கேட்டுக்கொண்டு உள்ளே போனதில்லை. குசினி வரை போய், சட்டியைத் திறந்து பார்த்து, கர்ப்பிணிக்கு மீன் கொடுக்கிறார்களா என்று மாமியாரை விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். வயிற்றில் மரக் குழலை வைத்துக் காதைக் கொடுத்து, "நல்லா இரிக்கி" என்பார். எல்லா வீட்டிலும் ஒரே குரலில் அதைச் சொல்வார். குழந்தைக்குச் சரியில்லை என்றாலும் அதே குரல்தான். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து வாகனத்துக்கு ஆள் அனுப்புவார். முகத்தில் தெரிந்தால் தாய்க்கு வலி கூடும் என்பது அவர் கட்சி.

வீட்டிலும் அப்படித்தான். சுனாமியில் எங்கள் வீட்டின் முன்பாதி போனது. அன்று மாலையே பள்ளிக்கூட முகாமில் ஒரு பிரசவம் பார்த்தார். அவருடைய கெண்டைக்காலைத் தகரம் கிழித்திருந்ததை, புண் மணக்கத் தொடங்கிய பிறகுதான் வாப்பா கண்டார். "ஏன் சொல்லல்ல?" என்று வாப்பா கத்தினார். "ஆரிட்ட சொல்ற? நான்தானே மிஸி" என்றாராம்.

ஆகவே உம்மா என்னிடம் "நான் நல்லாத்தான் இரிக்கன் மகன்" என்று சொன்னால் அதில் எனக்கு ஒரு தகவலும் இல்லை. எப்போதும் ஒரே அளவைக் காட்டும் மானியை யாரும் வாசிப்பதில்லை.

வாப்பா போன இரண்டாம் வாரம் உம்மா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். அடுத்த தடவை தொழுதுகொண்டிருந்தபோது. டொக்டர் கஜேந்தினி வீட்டுக்கே வந்தார். பாண்டிருப்பு ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உம்மாவோடு ஒரே கிளினிக்கில் இருந்தவர். நஜ்லா போனைத் திறந்து பிடித்திருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மிஸி, இது விளையாட்டில்ல. உங்கட நெஞ்சு இடைக்கிட நிண்டு நிண்டு அடிக்குது எண்டு நினைக்கிறன். எவ்வளவு நேரம் நிக்குது எண்டு பதிவில கண்டாத்தான் நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் மிஷின் வைக்கிறதா இல்லையா எண்டு சொல்லலாம். வந்து வார்ட்டில படுங்க."

"இத்தா முடியட்டும் டொக்டர்."

"அதுவரைக்கும் நெஞ்சு பொறுக்குமோ?"

"நோயெண்டா இத்தாவிலயும் வெளிய போகலாம் எண்டு எனக்கும் தெரியும். மௌலவியும் சொல்லிட்டார். ஊருக்குள்ள எத்தினை புள்ளைட நெஞ்சுச் சத்தத்தக் கேட்டிரிப்பன். பக்கத்தில கிடந்த மனுசன்ட நெஞ்சு நிண்டது எனக்குக் கேக்கல்ல. இத்தாவையாவது அவருக்கு ஒழுங்கா இருந்து முடிக்கன்."

டொக்டர் வேறொரு வழி சொன்னார். நெஞ்சில் ஒட்டிவிடும் சிறிய கருவி ஒன்று இருக்கிறது. வீட்டு வைஃபை வழியாகத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். தன் கிளினிக்கிலும் பார்ப்பார்கள், மகனும் பார்க்கலாம். தொடர்பு அறுந்தால் கொஞ்ச நேரத் துடிப்பைத்தான் அது தன்னுள் வைத்திருக்கும். பிறகு பழையதை அழித்துவிடும்.

"ஆனா மிஸி, அறுந்து அறுந்து வந்துதெண்டா நான் கேக்க மாட்டன். அம்புலன்ஸ் அனுப்புவன்."

"அறாது," என்றார் உம்மா. "என்ட மகன்ட தொழிலே அதுதானே."

அது உண்மை. கட்டடங்களுக்குள் சிக்னல் எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது என் தொழில். ஆஸ்பத்திரி, கடைத்தொகுதி, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம். முதலில் கட்டடத்தைக் கணினிக்குள் கட்ட வேண்டும். சுவர், தூண், கதவு ஒவ்வொன்றும் ஒரு தளம். ஒவ்வொரு தளத்துக்கும் அது எதனால் ஆனது என்று சொல்ல வேண்டும். கண்ணாடி என்றால் சிக்னல் ஊடுருவும். செங்கல் கொஞ்சம் விழுங்கும். கொங்கிறீட் நிறைய விழுங்கும். இரும்பு விடவே விடாது, திருப்பி அடிக்கும். அதெல்லாம் சரியாக இருந்தால், எந்த மூலையில் சிக்னல் இருக்கும், எந்த மூலையில் இருக்காது என்று கணினி நிறம் பூசிக் காட்டும். வீட்டின் மாதிரி சரியாக இருந்தால் என் கேள்விக்கும் பதில் கிடைக்கும். உம்மா இருக்கும் இடத்தில் சிக்னல் நிச்சயம் உண்டு என்றால், கோடு அறும்போது குற்றம் சுவரில் இல்லை.

எங்கள் வீடு இலகுவான வீடு இல்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணோடு போவது. உம்மாவுக்கு அவருடைய வாப்பா கொடுத்த வீடு அது. பின்பாதி அந்தக் காலத்துச் செங்கல், தடித்த சுவர். கடல் கொண்டுபோன முன்பாதியை வாப்பா புளொக் கல்லில் கட்டினார். கட்டும்போது மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டார், ஓடிப் போய் நிற்க ஒரு இடம் வேண்டும் என்று. நஜ்லாவுக்குக் கல்யாணம் பேசியபோது முன்பாதி அவளுடையதாயிற்று. உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்குப் போனார்கள். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சுவர் எழும்பியது, ஒரு கதவோடு. இணைய வயர் வருவது நஜ்லாவின் பக்கம். உம்மா இருப்பது எல்லாச் சுவருக்கும் பின்னால். அங்கே போன் சிக்னல்கூட ஜன்னலடியில்தான் கிடைக்கும்.

நஜ்லா வீடு முழுக்க நடந்து வீடியோ எடுத்தாள். அஹ்ஸன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனுடைய அளவு நாடாவை அவளிடம் கொடுத்திருந்தான்.

"காக்கா, கக்கூஸ் சுவரையும் அளக்கவா?" அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

"அள. தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் எண்டும் பார்."

"பக்கத்து வீட்டாக்கள் மதிலால எட்டிப் பாக்காங்க. வாப்பா மௌத்தாகி ஈரம் காயல்ல, அதுக்குள்ள சொத்துப் பிரிக்கயளா எண்டு கேக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"காக்காக்கு விசர் பிடிச்சிட்டு எண்டு சொன்னன். அதுக்கு மறுகா கேக்கல்ல."

பின்னறைக் கதவடியில் நின்றுவிட்டாள். மூடிய கதவும் அதன் திரையும் தெரிந்தன.

"அறைய எடுக்க மாட்டன் காக்கா. உம்மா இத்தாவில இரிக்கா. இந்த வீடியோ உங்கட கம்பனிக் கம்பியூட்டருக்குப் போகும். அங்க ஆரார் பாப்பாங்களோ."

"உம்மாவ எடுக்க வேணாம். சுவர எடு."

"சுவரோடதானே உம்மா இரிக்கா."

அளவை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். உள்ளே போய் அளந்துகொண்டு வந்தாள்.

"உள்ளுக்கு என்னென்ன சாமான் இரிக்கி?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கட்டில், மேசை, வாப்பாட சாய்மனைக் கதிரை, இரும்பு அலுமாரி ரெண்டு."

நான் கடைசியாக ஊருக்குப் போனபோது அந்த இரண்டு அலுமாரியும் மேற்குச் சுவரோடு ஒட்டி நின்றன. அங்கேயே போட்டேன். பொதுவாக நாங்கள் தளபாடங்களைப் போடுவதில்லை, அவை நகரும். இரும்பு என்பதால் போட்டேன். மிகக் கவனமாக வேலை செய்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

கணக்கு ஓடி முடிந்தது. இரண்டாவது றவுட்டரை நடைபாதையில், உம்மாவின் கதவுக்கு நேரே வைத்தால் மரக் கதவு ஒன்றைத்தான் சிக்னல் கடக்க வேண்டும். அறை முழுக்கப் பச்சை. அறைக்குள்ளேயே வைத்திருக்கலாம். ஆனால் துளை போட ஆள் உள்ளே போக வேண்டும். அஹ்ஸன் மருமகன், மார்க்கத்தில் அவனுக்குத் தடை இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்து மருமகன்மார் மாமியின் அறைக்குள் கால் வைப்பதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் உம்மாவோடு நேரே கதைத்ததை நான் கண்டதில்லை. வெளியே வைத்தால் போதும் என்று கணினி சொன்னது. எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது.

கருவி ஒட்டிய முதல் நாட்கள் கோடு அறவில்லை. பிறகு அறத் தொடங்கியது.

சில நாள் ஒன்றுமில்லை. சில நாள் திரும்பத் திரும்ப. வெள்ளிக்கிழமை என்றால் மோசம். மற்ற நாட்களில் நான் வேலையிடத்துக் கூட்டத்தில் இருக்கும்போது சாம்பல் வரும். யாரோ என்னிடம் ஏதோ கேட்பார்கள், எனக்குக் கேட்காது. நஜ்லாவுக்குப் போன் எடுப்பேன். "உம்மா நல்லா இரிக்காவே, இப்பதானே தேத்தண்ணி குடுத்தன்" என்பாள். அதற்குள் கோடு திரும்பியிருக்கும். விடுபட்ட துண்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

மாதிரியைத் திரும்பப் பார்த்தேன். செங்கல்லின் ஈரத்தைக் கூட்டினேன். கதவு மரம் என்று நஜ்லா சொன்னது உண்மையா என்று கேட்டேன். தட்டிக் காட்டினாள். எதை மாற்றினாலும் அறை பச்சையாகவே வந்தது. சிக்னல் இருக்கிறது என்றால் ஏன் அறுகிறது? கருவி பழுதென்று டொக்டர் புதிதொன்று மாற்றினார். அதுவும் அறுந்தது. மிச்சம் இருந்தது ஒரே காரணம்.

"உம்மா, கழட்டி வெக்கிறீங்களா?"

"இல்ல மகன்."

"குளிக்கக்குள்ள?"

"குளிக்கக்குள்ளயும் கழட்டல்ல. உன்ட மிஷினுக்குத்தான் என்னமோ. நான் நல்லாத்தான் இரிக்கன்."

"நீங்க எப்பதான் நல்லா இல்லாம இருந்தீங்க? நோய மறைக்கிறது உங்களுக்குப் பழக்கம்."

அந்தப் பக்கம் அவர் காற்றாடியைக் குறைக்கும் சத்தம் கேட்டது.

"ஓம். பழக்கந்தான்," என்றார். "ஆனா இத மறைக்கல்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று மாலை டொக்டர் கஜேந்தினி அழைத்தார். "இன்னொரு தரம் நீளமா அறுந்தா நான் கூட்டிட்டுப் போயிருவன். மிஸி கோவிச்சாலும் பரவாயில்ல. நீங்க தடுக்கக் கூடாது." தடுக்க மாட்டேன் என்றேன். உம்மா கேட்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பு என்றே எடுத்திருப்பார்.

அடுத்த நாள் நஜ்லாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் உம்மாவின் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் ஜன்னலடியில் இருந்தது. கோடு என் முன்னால் ஓடியது. அப்போது முன்பக்கத்தில் ஒரு பெரிய குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்! ஊட்டுல ஆராச்சும் இரிக்கயளா, இல்ல எல்லாரும் கடலுக்குப் போயிட்டயளா?"

ஸைனுலாப்தீன் மாமா. வாப்பாவோடு வேலை செய்த பஸ் சாரதி. ஹோர்ன் வேலை செய்யாத பஸ்ஸைக் குரலாலேயே ஓட்டியவர் என்று வாப்பா சொல்வார்.

"உம்மா, அங்கால போங்க, ஆம்புளையாள்," என்று நஜ்லா மெதுவாகச் சொன்னாள். கதிரை இழுபட்டது. கோடு நடுங்கியது. சாம்பல்.

"நஜ்லா! உம்மா எங்க?"

"இஞ்சதான்."

"இஞ்ச எண்டா எங்க?"

"அலுமாரிக்கு அங்கால."

"அலுமாரி சுவரோடதானே நிக்கிது? அதுக்கு அங்கால எப்படிப் போற?"

"இப்ப எங்க சுவரோட நிக்கிது? மௌத்தான அண்டைக்கே பொம்புளையள் எல்லாரும் சேந்து இழுத்துட்டமே. கதவுக்கு நேர போட்டிரிக்கி, மறைப்புக்கு. கதவு துறந்தாலும் உம்மா தெரியாம."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். அதுக்குப் பின்னால ஒரு கதிர. ஆராச்சும் வந்தா உம்மா அதுல போய் இரிக்கிற."

"இத ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"நீங்க என்னென்ன சாமான் எண்டுதானே கேட்டீங்க. சொன்னன். இத்தாவுக்கு மறைப்பு வெக்கிறதையெல்லாமா சொல்லணும்? எல்லா ஊட்டுலயும் வெக்கிறதுதானே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கட உம்மாட இத்தாக்கு வீட்டில என்ன செஞ்சிரிப்பாங்க எண்டு உங்களுக்குத் தெரியாதா காக்கா?"

தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீடுகளில் கண்டிருக்கிறேன். கட்டிலை நிமிர்த்தி வைப்பார்கள், அலுமாரியைத் திருப்பிப் போடுவார்கள். நான் சுனாமிக்கு முன்பிருந்த சுவரைக்கூடத் தேடிப் பிடித்துக் கணினியில் போட்டிருந்தேன். ஆனால் நான் கட்டியது வாப்பா உயிரோடிருந்த வீட்டை.

அலுமாரிகளை நகர்த்திப் போட்டுக் கணக்கை ஓடவிட்டேன். கதவுக்கு முன்னால் இரும்பாலான ஒரு சுவர். அதன் பின்னால் குளியலறைச் சுவரும் தண்ணீர்க் குழாய்களும். நடுவில் ஒரு கதிரை வைக்குமளவு இடுக்கு. அந்த இடுக்கு மட்டும் கருநீலமாக வந்தது, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. துக்கம் விசாரிக்க ஆண்கள் வரும் நேரமெல்லாம், ஜும்ஆ முடிந்து கூட்டமாக வரும் வெள்ளிக்கிழமையெல்லாம் உம்மா அந்த நீலத்துக்குள் போயிருந்திருக்கிறார்.

டொக்டருக்குச் சொன்னேன். சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப அவ்வளவு நேரமும் நாம மிஸியப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டார். ஒரு நாள் தவணை தந்தார்.

அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொல்லி உம்மாவைக் கேட்டேன்.

"தள்ளினா வாற போற ஆம்புளையாள் நேர பாக்கிற இடம் மகன்."

"திரை போடுவம்."

"திரை காத்துக்கு எழும்பும்."

அத்தோடு முடிந்தது. ஆகவே றவுட்டர்தான் இடுக்குக்குள் போக வேண்டும். சிக்னலைக் கூட்டிக் கொடுக்க இடையில் வைக்கும் சின்னப் பெட்டிகளை அந்தக் கருவி ஏற்கவில்லை, முன்பே முயன்று பார்த்திருந்தோம். வயர் இழுக்க வேண்டும். அஹ்ஸன் வீட்டைச் சுற்றிப் பின்புறமாக வயரைக் கொண்டுவந்தான். ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி, முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். தொண்டையைச் செருமினான். கம்பிக்குள்ளால் வயரை நீட்டினான். உள்ளே இருந்து முக்காட்டுத் துணி சுற்றிய ஒரு கை வந்து அதை வாங்கியது.

நஜ்லா உள்ளே வைத்திருந்த றவுட்டரில் எந்த ஓட்டையில் சொருகுவது என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. அஹ்ஸன், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, நடைபாதையில் நின்ற நஜ்லாவுக்குப் போன் எடுத்தான்.

"மஞ்சள் ஓட்டையில போடச் சொல்லு மாமிட்ட."

"மஞ்சள் ஓட்டையில போடட்டாம் உம்மா!"

"எனக்குக் கேட்டுது," என்றார் உம்மா. "ஊருக்கே கேட்டுது. மருமகன்ட கேளு, பூட்டின பொறகு லைட் எரியணுமா எண்டு."

"எரியணும் எண்டு சொல்லு!" என்று அஹ்ஸன் போனுக்குள் கத்தினான், மதிலைப் பார்த்தபடி.

என் திரையில் நீலம் போய்ப் பச்சை ஆயிற்று. உம்மாவை அந்தக் கதிரையில் இருக்கச் சொன்னேன், எழும்பச் சொன்னேன், கட்டிலுக்குப் போகச் சொன்னேன். கோடு எங்கும் அறவில்லை. டொக்டருக்கு அறிவித்தேன். எனக்குப் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. இனிமேல் சுவர்மேல் பழி போட முடியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்களுக்கு விடுமுறை. அறையில் திரைக்கு முன்னால் இருந்தேன். அங்கே ஜும்ஆ முடிந்து ஆட்கள் வரும் நேரம். சாம்பல் வருமா என்று பார்த்திருந்தேன். வரவில்லை.

கோடு பச்சையாகவே இருந்தது. பச்சையாகவே தட்டையாகியது.

மேடு இல்லை. பள்ளம் இல்லை. ஒரு நேர்கோடு போய்க்கொண்டிருந்தது. ஒரு மேடு வந்தது. இன்னொன்று. மறுபடி நேர்கோடு. போன வாரமாக இருந்தால், எந்தச் சுவரோ என்று மாதிரியைத் திறந்திருப்பேன். இப்போது அந்த வீட்டில் எனக்குத் தெரியாத சுவர் இல்லை.

நஜ்லா எடுக்கவில்லை. அஹ்ஸன் எடுத்தான். பின்னால் ஆண்களின் பேச்சுச் சத்தம்.

"மச்சான், உம்மா!"

"மாமி அறைக்குள்ள. நஜ்லா குசினியில, தேத்தண்ணி—"

"நஜ்லாவக் கூப்பிட வேணாம். நீ போ."

"நானா?"

"நீதான். அலுமாரிக்கு அங்கால. நெஞ்சு நிக்கிது. ஓடு!"

போன் எங்கேயோ விழுந்தது. ஓடும் கால்கள். கதவு. பிறகு சீமெந்தில் இரும்பு இழுபடும் சத்தம், காதைக் கிழிப்பதுபோல. "மாமி! மாமி!" என்று அஹ்ஸன் கத்தினான். அவரை அவன் அப்படி நேரே கூப்பிட்டதை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மீதியை நஜ்லா பிறகு சொன்னாள். உம்மா கதிரையிலிருந்து வழுகி, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே கிடந்திருக்கிறார். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. விழ இடம் இருக்கவில்லை. அஹ்ஸன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முன்னறை நிறைய ஆண்கள். ஸைனுலாப்தீன் மாமா எழும்பி நின்று, "கிறுகி நில்லுங்க எல்லாரும்! மிஸி வாறா!" என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறார். அத்தனை பேரும் சுவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்தச் சத்தம் ஒழுங்கை முனை வரை கேட்டதாம். வாசலில் நின்றவர்களும், எதிர் வீட்டு மதிலடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்களும்கூடத் திரும்பி நின்றார்களாம். அந்த முதுகுகளுக்கு நடுவால் உம்மாவைக் கொண்டுபோய் மாமாவின் வான் வண்டியில் ஏற்றினார்கள்.

வான் கிளம்பியதும் என் திரை சாம்பலானது. வீட்டு வைஃபையை விட்டு உம்மா போய்விட்டார். கடைசியாக வந்த மேடுகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தன. அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தேன். அஸர் தொழுதேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று சந்தேகம் வந்து திரும்பத் தொழுதேன். வாப்பாவை நினைத்தேன். அவருக்கு இப்படி ஒரு கோடு இருக்கவில்லை.

கடைசியில் டொக்டர் கஜேந்தினிதான் அழைத்தார். கல்முனையில் தற்காலிகமாக ஒரு மிஷினைப் பூட்டி, மட்டக்களப்புக்கு அனுப்பியிருந்தார்கள். நிரந்தரமானதை அங்கே வைப்பார்கள். "பதிவு முழுசா இருக்கு. எங்க நிண்டது, எவ்வளவு நேரம் நிண்டது எல்லாம் கிடக்கு. அதாலதான் யோசிக்காமச் செஞ்சம். மிஸி கண் முழிச்சதும் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? தலையில முக்காடு இரிக்கா எண்டு."

இருந்ததாம். நஜ்லா வானில் தன்னுடையதைக் கழற்றிப் போட்டிருந்தாள்.

இப்போது உம்மா வீட்டில். இத்தா இன்னும் முடியவில்லை. அலுமாரிகளைப் பழையபடி கதவுக்கு நேரே மறைப்பாக வைத்துவிட்டார்கள், இந்தத் தடவை அஹ்ஸனும் ஒரு பக்கம் பிடித்தானாம். மிஷினின் நிலையைத் தினமும் அனுப்ப ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அதை எங்கே வைப்பது என்று பார்க்க மாதிரியைத் திறந்து வைத்துக்கொண்டு நேற்று உம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னை எங்க வெச்சிரிக்காய் அதுல?" என்று கேட்டார்.

"கட்டில்ல உம்மா."

"கட்டில்ல இல்ல. படுத்தா இடது தோள் நோகுது. உங்கட வாப்பாட கதிரையில இரிக்கன். ஜன்னலுக்குக் கிட்ட. போட்டுக்க."

போட்டுக்கொண்டேன்.

"மறுகா ஒண்டு." குரல் அதே குரல்தான், ஊர் முழுக்க "நல்லா இரிக்கி" என்று சொன்ன குரல். "காலையில இருந்து தையல் போட்ட இடம் சூடாக் கிடக்கு. கொஞ்சம் சிவந்தும் இரிக்கி. நஜ்லாக்குத் தெரியா. பயந்திடுவாள் எண்டு சொல்லல்ல. உனக்கிட்ட சொல்றன்."

"காய்ச்சல் இரிக்கா?"

"இரிக்கி மகன்," என்றார் உம்மா.

நான் டொக்டரின் இலக்கத்தைத் தேடினேன்.